பரண் மேல் கிடக்கும் லென்ஸ்

தீபாவளிக்கு வீடு ஒழிக்கும்போது நம் குடியிருப்பில் பல வீடுகளின் லாஃப்டிலிருந்து ஒரு தோல் பை இறங்கும். உள்ளே அப்பாவுடையதோ மாமனாருடையதோ ஒரு கேமரா இருக்கும். முகப்பில் ஜெனிட், யாஷிகா, பென்டாக்ஸ், மினோல்டா என்று ஏதாவது ஒரு பெயர். ஃபிலிம் போட்டுப் படம் எடுத்த காலம் போய்விட்டது, கழுவித் தரும் ஸ்டுடியோவும் பக்கத்தில் இல்லை என்பதால் அது பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போகும். கேமராவை வேண்டுமானால் போடுங்கள். முன்னால் இருக்கும் லென்ஸைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அதே வீட்டில் மகனோ மகளோ புதிதாக ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கிவிட்டு, இரண்டாவது லென்ஸுக்கு ஆகும் செலவைப் பார்த்து மலைத்துப்போய் உட்கார்ந்திருக்கலாம்.

அந்தப் பழைய லென்ஸ் புதுக் கேமராவில் சேருமா என்பதைப் பெரும்பாலும் ஒரே ஓர் அளவுதான் முடிவு செய்கிறது. லென்ஸ் பூட்டும் வளையத்திலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரை உள்ள தூரம் அது. இந்தக் கட்டுரையில் அதைப் ‘பின்தூரம்’ என்று சொல்லிக்கொள்கிறேன். இந்தப் பின்தூரம் எப்படி வந்தது, எப்படி ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒன்றாகப் பிரிந்தது, பிறகு எப்படிச் சுருங்கியது என்பது சுவையான கதை. நடுவில் நம் பக்கத்து ஜவ்வாது மலைக்கும் ஒருமுறை ஏறி இறங்குவோம்.

எந்த லென்ஸும் சேர்ந்த காலம்

1839-இல் பாரிசில் தாகேர் தன் புகைப்பட முறையை வெளியிட்டபோது, அவருடைய லென்ஸ் வழியாக வந்த வெளிச்சம் மிகக் குறைவு. நல்ல வெயிலில்கூடப் படம் பதிய நிமிடக்கணக்கில் ஆகும். மனிதர்களை உட்கார வைத்து எடுப்பது ஏறக்குறைய தண்டனை. மறு ஆண்டே வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர், பீரங்கிப் படையில் கணக்குப் போடத் தெரிந்த வீரர்களை உதவிக்கு வைத்துக்கொண்டு, காகிதத்தில் கணக்கிட்டே ஒரு புது லென்ஸை வடிவமைத்தார். ஃபோக்ட்லேண்டர் கம்பெனி அதைத் தயாரித்தது. முகப்படத் தொழில் என்று ஒன்று உருவானதே அந்த லென்ஸால்தான். பின்னாளில் அதே வடிவம் சினிமா புரொஜெக்டருக்குப் போய், டூரிங் டாக்கீஸ் காலம் தாண்டியும் உழைத்தது. இன்றைக்குச் சிலர் பழைய புரொஜெக்டர் லென்ஸைத் தேடிப் பிடித்து டிஜிட்டல் கேமராவில் பொருத்துகிறார்கள். கேமராவுக்காகப் பிறந்து, தியேட்டருக்குப் போய், திரும்பக் கேமராவுக்கே வந்த லென்ஸ் அது!

அந்தக் காலத்தில் ‘இந்த லென்ஸ் இந்தக் கேமராவுக்குச் சேராது’ என்ற பேச்சே கிடையாது. கேமரா என்பது ஒரு மரப்பெட்டி. முன் பலகையில் துளை போட்டு லென்ஸைத் திருகிவிடுவார்கள். பெட்டியை நீட்டியோ, தோல் துருத்தியை இழுத்தோ தூரத்தைச் சரிசெய்வார்கள். பின்தூரம் நிலையாக இல்லை, கைக்கு வந்தபடி நீளும். பார்க்க வேண்டியது ஒன்றைத்தான். லென்ஸ் உண்டாக்கும் வட்டமான பிம்பம், பின்னால் வைக்கும் தட்டையோ காகிதத்தையோ மூலை வரை மூடுமா?

மூலை வரை மூடுவது சின்ன வேலை அல்ல. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லினேயஸ் டிரைப், 1857 டிசம்பரிலிருந்து 1858 வரை ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு சுற்றினார். அவருடைய காகித நெகட்டிவ் ஒவ்வொன்றும் ஓரடிக்கு மேல் அகலம். பெரிதாக்கி அச்சிடும் வசதி அப்போது இல்லாததால், படம் எவ்வளவு பெரிதாக வேண்டுமோ நெகட்டிவும் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை அவர் 21 படங்களாக எடுத்து, பக்கம் பக்கமாக ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். நம் கைப்பேசியில் பனோரமா எடுக்கும்போது நினைத்துப் பாருங்கள். செலவு அதிகம் என்று சொல்லி அரசு சில ஆண்டுகளிலேயே அந்த வேலையை நிறுத்திவிட்டது.

தோல் தொழில் செய்யும் ஊர்க்காரர்களான நமக்கு இதில் ஒரு சின்னப் பெருமை உண்டு. மெல்லியதாக, ஒளி புகாததாக, ஆயிரம் முறை மடித்தாலும் விரிசல் விடாததாக இருக்க வேண்டிய அந்தத் துருத்தி தோலில்தான் ஆனது. நல்ல தோல் இல்லாவிட்டால் நல்ல கேமராவும் இல்லை.

அரை மில்லிமீட்டரில் வந்த சண்டை

நிலைமை மாறியது கேமரா சட்டைப்பைக்குள் வரும் அளவுக்குச் சுருங்கியபோது. 1925-இல் ஜெர்மனியில் லைகா வெளிவந்தது. சினிமா ஃபிலிமில் 36-க்கு 24 மி.மீ. அளவில் படம் எடுக்கும் சின்ன உலோகக் கேமரா. உலோக உடம்பில் துருத்தி கிடையாது, எனவே பின்தூரம் தொழிற்சாலையிலேயே நிலையாகிவிட வேண்டும். 1930-இல் லென்ஸைக் கழற்றி மாட்டும் லைகா வந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. ஒவ்வொரு கேமராவுக்கும் அதனதன் லென்ஸைத் தனியாகப் பொருத்திச் சரிபார்த்துக் கொடுத்தார்கள். உங்கள் லென்ஸை என் கேமராவில் போட்டால் தெளிவு இருக்காது. 1931-இல்தான் எல்லாக் கேமராக்களுக்கும் 28.8 மி.மீ. என்று ஒரே பின்தூரத்தை நிர்ணயித்தார்கள். எந்த லென்ஸும் எந்த உடம்பிலும் சேர்வதற்கு அங்கேதான் தொடக்கம்.

அடுத்து வந்தது எஸ்.எல்.ஆர். நீங்கள் பார்ப்பதும் ஃபிலிமில் விழுவதும் ஒரே லென்ஸ் வழியாக இருக்க வேண்டும் என்பதற்காக, லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்தார்கள். பட்டனை அழுத்தினால் அது மேலே எழும்பும். அது எழும்ப இடம் வேண்டுமே! எனவே பின்தூரம் 28.8-லிருந்து நாற்பதுக்கு மேல் போயிற்று. போனது போகட்டும், எல்லாரும் ஒரே அளவில் நின்றார்களா என்றால் இல்லை. 1949-இல் கிழக்கு ஜெர்மனியில் பிறந்த எம்42 என்ற திருகு மவுண்டுக்கு 45.46 மி.மீ. 1958-இல் மினோல்டா 43.5. 1959-இல் நிக்கான் 46.5. கேனான் 42. ஒலிம்பஸ் 46. யாஷிகாவும் கான்டாக்ஸும் சேர்ந்து 1975-இல் கொண்டுவந்த மவுண்ட் 45.5. அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் ஆளுக்கொரு வேலி போட்டுக்கொண்டார்கள்.

இந்த மில்லிமீட்டர் ஏன் இவ்வளவு முக்கியம்? லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தைவிடச் சென்சாரிலிருந்து தள்ளி நின்றால், பக்கத்தில் இருப்பவை தெளியும், தூரத்தில் இருப்பவை தெளியவே தெளியாது. வாசல் கோலம் நன்றாக விழும், பின்னால் இருக்கும் மலை விழாது. லென்ஸ் இருக்க வேண்டியதைவிட நெருங்கி நின்றால் பிரச்சினையே இல்லை, நடுவில் அந்த அளவு தடிமனுக்கு ஒரு வளையம் போட்டால் சரியாகிவிடும். நெருக்கத்தை வளையத்தால் ஈடுகட்டலாம், தள்ளி நிற்பதை எதனாலும் ஈடுகட்ட முடியாது என்ற இந்த விதியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுவதும் இதிலேதான் ஓடுகிறது.

1987-இல் கேனான் செய்ததைப் பாருங்கள். தானியங்கி ஃபோகஸுக்காகப் பழைய எஃப்.டி. மவுண்டைக் கைவிட்டு ஈ.எஃப். என்ற புது மவுண்டைக் கொண்டுவந்தது. பழையது 42 மி.மீ., புதியது 44. இரண்டே இரண்டு மி.மீ.தான். ஆனால் தப்பான திசையில் இரண்டு. எஃப்.டி. லென்ஸ்களை ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தவர்களின் முதலீடு புதுக் கேமராவுக்குப் பயன்படாமல் போயிற்று. தொழில்முறைக் கலைஞர்கள் கொதித்தார்கள். இதற்கு நேர்மாறாக, பென்டாக்ஸ் 1975-இல் திருகு மவுண்டிலிருந்து கே மவுண்டுக்கு மாறியபோது பின்தூரத்தை அதே 45.46-இல் வைத்தது. பழைய லென்ஸ் ஒரு மெல்லிய வளையத்தோடு புதுக் கேமராவில் ஏறியது. வாடிக்கையாளரை மதிக்கும் கம்பெனி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஜெனாவிலிருந்து காவலூர் வரை

நம் பக்கத்துப் பரண்களில் அகப்படக்கூடிய பழைய லென்ஸ்களில் எனக்குப் பிடித்தது ஹெலியோஸ் 44. சோவியத் ஜெனிட் கேமராவோடு வந்த 58 மி.மீ. லென்ஸ். அதன் வடிவம் மாஸ்கோவில் பிறக்கவில்லை. கிழக்கு ஜெர்மனியின் ஜெனா நகரத்தில், கார்ல் சைஸ் கம்பெனியில் இரண்டாம் உலகப் போருக்கு முன் உருவான ‘பயோடார்’ லென்ஸின் வழி வந்தது அது. போரில் தோற்ற ஜெர்மனியிலிருந்து இழப்பீடாக இயந்திரங்களையும் வரைபடங்களையும் சோவியத் படை எடுத்துப் போனது. அதன்பின் அதே குடும்பத்து லென்ஸ் மாஸ்கோவுக்கு அருகே கிராஸ்னகோர்ஸ்கில் பெருமளவில் தயாரானது.

அந்தக் குடும்பத்தின் வேர் இன்னும் பழையது. 1896-இல் அதே ஜெனாவில் பால் ருடால்ஃப் ‘பிளானார்’ லென்ஸை வடிவமைத்தார். அதற்கு அடிப்படை, கணித மேதை காஸ் 1817-இல் தொலைநோக்கிக்காக யோசித்த ஒரு ஜோடிக் கண்ணாடி. வடிவம் அருமை, ஆனால் அந்தக் காலத்தில் அவ்வளவாக ஓடவில்லை. காரணம் எளிது. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத வெளிச்சம் திரும்பிவிடும். இப்படி 8 பரப்புகள் இருந்தால் கால் பங்குக்கு மேல் வெளிச்சம் போய்விடும். போவதோடு நிற்காமல் உள்ளேயே அங்குமிங்கும் மோதிப் படத்தை வெளுக்கச் செய்யும். 1935-இல் சைஸ் கம்பெனியின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்ணாடி மேல் மெல்லிய பூச்சு பூசும் முறையைக் கண்டுபிடித்த பிறகுதான் இந்த வடிவத்துக்கு விடிவு வந்தது. உங்கள் பழைய லென்ஸை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். நீலமாகவோ ஊதாவாகவோ மின்னினால் அது அந்தப் பூச்சு. நிறமே இல்லாமல் வெள்ளையாக மின்னினால் பூச்சில்லாத காலத்து லென்ஸ். வெயிலுக்கு எதிரே பிடித்தால் படம் வெளுக்கும்.

இப்போது ஜவ்வாது மலை. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஏறினால் வரும் காவலூர் வானாய்வகம் நம்மில் பலருக்குப் பள்ளிச் சுற்றுலாவாகத் தெரியும். கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த வைனு பாப்பு, இருட்டான வானமும் தெற்கே நன்றாகப் பார்க்கும் வசதியும் உள்ள இடமாகத் தேடி, சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1968-இல் சொந்தமாகவே செய்த 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. எங்கிருந்து? அதே ஜெனா, அதே கார்ல் சைஸ். உங்கள் பரணில் இருக்கும் ஹெலியோஸின் பாட்டனாரும், யுரேனஸ் கோளின் வளையங்களை 1977 மார்ச் 10 இரவு பதிவு செய்த காவலூர்த் தொலைநோக்கியும் ஒரே ஊர்ப் பிறப்பு.

பெரியது பிறகு வந்தது. 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியைப் பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்திலேயே தேய்த்து மெருகேற்றினார்கள். அதைப் பார்க்காமலே 1982-இல் பாப்பு இறந்துபோனார். 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி அதைத் திறந்து வைத்தபோது பாப்புவின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. 1980-களின் பிற்பகுதியில் புகைப்படத் தட்டுகளுக்குப் பக்கத்தில் சி.சி.டி. என்ற மின்னணுச் சென்சார் காவலூருக்கு வந்தது. நம் மாவட்டங்களில் டிஜிட்டல் கேமராவை முதலில் புழங்கிய இடங்களில் கட்டாயம் காவலூரும் ஒன்று. கல்யாண வீடுகளுக்கு அது வந்து சேர இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் இருந்தன.

இங்கேதான் லென்ஸ் தேர்வைப் பற்றி ஒரு நல்ல பாடம் இருக்கிறது. அந்தத் தொலைநோக்கியை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். முதன்மைக் குவியத்தில் வைத்தால் அது எஃப் 3.25, அதாவது 7.6 மீட்டர் லென்ஸுக்குச் சமம். காசிகிரெய்ன் குவியத்தில் எஃப் 13, அதாவது 30 மீட்டர் லென்ஸ். ‘பெரிய ஜூம்’ என்று நாம் சொல்வது இரண்டாவதைத்தான். அந்தக் காலச் சிப்புகளோ விரல் நகம் அளவே. 12 மி.மீ. நீளச் சிப் என்று வைத்துக்கொண்டால், முதன்மைக் குவியத்தில் நிலாவின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு வானம் அதில் விழும். காசிகிரெய்னில் இருபதில் ஒரு பங்குகூட விழாது. அப்படிப் பெரிதாக்கியாவது கூடுதல் நுணுக்கம் தெரியுமா என்றால், அதற்கும் எல்லை உண்டு. காற்றின் அலைவு விண்மீனை ஏற்கெனவே பூசி விட்டிருக்கும், பூசியதைத்தான் பெரிதாக்குவோம். எனவே மங்கலான விண்மீன் கூட்டங்களைப் படமெடுக்க முதன்மைக் குவியமே ஏற்றது. சென்சாரின் அளவைப் பார்த்து லென்ஸ், வேலையைப் பார்த்து சென்சார். கடையில் ‘எத்தனை எக்ஸ் ஜூம்?’ என்று கேட்பதற்கு முன் ஒருமுறை காவலூரை நினைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி விலகியது, கதவு திறந்தது

டிஜிட்டல் கேமராவின் பிறப்பிலேயே லென்ஸை மாற்றிப் பொருத்தும் வேலை இருக்கிறது. 1975-இல் கோடாக் கம்பெனியில் ஸ்டீவ் சாசன் என்ற இளம் பொறியாளர் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். 100-க்கு 100 புள்ளிகள், எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல், ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி. லென்ஸ்? கம்பெனியில் கிடந்த ஒரு சூப்பர் 8 சினிமா கேமராவிலிருந்து கழற்றியது.

கடைக்கு வந்த முதல் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர்., 1991-இன் கோடாக் டி.சி.எஸ்., ஒரு நிக்கான் எஃப்3 கேமராவின் முதுகில் சென்சாரை ஒட்டியதுதான். படங்களைச் சேமிக்கும் பெட்டி தனியாகத் தோளில் தொங்கும். சென்சார் ஃபிலிமைவிடச் சின்னது என்பதால் லென்ஸ் தரும் படத்தின் நடுப்பகுதி மட்டுமே பதிந்தது. இன்றும் பெரும்பாலான கேமராக்களில் அதே கதைதான். ஏ.பி.எஸ்.-சி என்ற அளவுச் சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ், ஃபிலிம் கேமராவில் 75 மி.மீ. லென்ஸ் பார்த்ததைத்தான் பார்க்கும் (கேனானில் 80). நாலு பேர் நிற்கும் இடத்தில் இரண்டு பேர்தான் அடங்குவார்கள், ஆனால் முகப்படத்துக்கு அது அருமையான கோணம்.

அப்பால் 2008. கண்ணாடியையே தூக்கிவிட்டு, சென்சார் காண்பதை நேராகத் திரையில் காட்டும் கேமராவைப் பானாசோனிக் கொண்டுவந்தது. கண்ணாடி எழும்ப இடம் தேவையில்லாததால் பின்தூரம் 20 மி.மீ.க்கும் கீழே இறங்கிற்று. 2010-இல் சோனி 18, 2012-இல் ஃபுஜி 17.7, 2018-இல் கேனான் 20, நிக்கான் 16. யாரும் பழைய லென்ஸ்களுக்கு மறுவாழ்வு தர வேண்டும் என்று திட்டமிடவில்லை. கேமராவை மெலிதாக்கத்தான் செய்தார்கள். ஆனால் மேலே சொன்ன விதிப்படி, அறுபது ஆண்டுகளாக ஆளுக்கொரு வேலி போட்டு வைத்திருந்த எஸ்.எல்.ஆர். லென்ஸ்கள் எல்லாமே ஒரே நாளில் ‘நெருங்கி நிற்கும்’ பக்கத்துக்கு வந்துவிட்டன. 45.46-இல் 18 போனால் 27.46. அந்த நீளத்துக்கு ஒரு வெற்று உலோகக் குழாய் போதும், ஜெனிட்டின் ஹெலியோஸ் சோனியில் ஏறிவிடும். கேனான் கைவிட்ட எஃப்.டி. லென்ஸ்கள் இன்று கேனானின் புதுக் கேமராக்களிலேயே நன்றாக வேலை செய்கின்றன. ஊட்டியில் 1967 முதல் ‘இந்து’ ஃபிலிம் தயாரித்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் டிஜிட்டல் அலையில் மூழ்கிப் போயிற்று. லென்ஸ் மட்டும் தப்பித்தது.

உங்கள் வீட்டில் உள்ளது எது?

முதலில், கேமராவைத் திறக்காதீர்கள்! உள்ளே ஃபிலிம் இருக்கலாம். இடப்பக்கம் மேலே இருக்கும் சுற்றும் கைப்பிடியை அம்புக்குறிப் பக்கம் மெல்லத் திருப்பிப் பாருங்கள். தடை தெரிந்தால் உள்ளே சுருள் இருக்கிறது. முப்பது வருடம் ஆனாலும் அதில் உள்ள முகங்கள் மொத்தமாக அழிந்திருக்க வேண்டியதில்லை. அப்படியே சென்னை போன்ற ஊரில் ஃபிலிம் கழுவும் இடத்துக்கு அனுப்புங்கள்.

அடுத்து, லென்ஸ் கழலுமா என்று பாருங்கள். வதோதராவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3, யாஷிகா எலெக்ட்ரோ 35 போன்றவற்றில் லென்ஸ் உடம்போடு ஒட்டியது, விட்டுவிடுங்கள். கழல்வதாக இருந்தால் மவுண்ட் எது என்று பார்க்க வேண்டும். பின்னால் திருகுப் புரி இருந்தால் பெரும்பாலும் எம்42. மற்றவை கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினால் கழலும், கேமரா மாடலின் பெயரை இணையத்தில் போட்டால் மவுண்ட் தெரிந்துவிடும்.

உங்களிடம் இருப்பது மிரர்லெஸ் கேமரா என்றால் கவலையே இல்லை, சரியான வளையத்தை வாங்கினால் முடிந்தது. கண்ணாடி உள்ள டி.எஸ்.எல்.ஆர். என்றால் கேனான்காரர்களுக்கு அதிர்ஷ்டம். 44 மி.மீ. என்பதால் எம்42, நிக்கான், ஒலிம்பஸ், யாஷிகா எல்லாம் ஏறும், மினோல்டாவும் எஃப்.டி.யும் ஏறாது. நிக்கான் டி.எஸ்.எல்.ஆரின் 46.5 கிட்டத்தட்ட எல்லாரையும்விட அதிகம், எனவே மற்றவர்களின் லென்ஸ் அதில் சரிவராது. நடுவில் ஒரு கண்ணாடித் துண்டு வைத்த வளையம் விற்பார்கள், வாங்காதீர்கள். நல்ல லென்ஸுக்குப் பின்னால் மட்டமான லென்ஸை வைப்பதற்குப் பெயர் பொருத்துவது அல்ல.

மாட்டியபின் கேமரா ‘லென்ஸ் இல்லை’ என்று அடம் பிடிக்கும். மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதிக்கும் இடம் இருக்கும், அதை இயக்குங்கள். உடம்பிலேயே நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால் லென்ஸின் மி.மீ. அளவைக் கையால் பதிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் அது குருட்டாம்போக்கில் வேலை செய்யும். லென்ஸில் ‘ஏ’, ‘எம்’ என்று ஒரு சின்ன விசை இருந்தால் ‘எம்’ பக்கம் தள்ளுங்கள். கேமராவை ‘ஏ’ நிலையில் வைத்தால் வெளிச்சக் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். ஃபோகஸ் மட்டும் உங்கள் விரல்தான். திரையில் பெரிதாக்கிக் காட்டும் வசதியும், தெளிந்த ஓரங்களை நிறத்தால் காட்டும் வசதியும் இருப்பதால் அந்தக் காலத்து அப்பாக்களைவிட நமக்கு இது சுலபம்.

எல்லாவற்றுக்கும் இது ஏற்றதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொங்கல் விழாவில் ஓடும் குழந்தைகளைப் பிடிக்கத் தானியங்கி ஃபோகஸ் வேண்டும், கைப்பேசியே தேவலை. பழைய அகலக்கோண லென்ஸ்களும் வேண்டாம். ஃபிலிம் எந்தச் சாய்வில் வெளிச்சம் வந்தாலும் வாங்கிக்கொண்டது, சென்சாருக்கு அது நேராக வர வேண்டும், மூலைகள் குழம்பும். 50, 85, 135 மி.மீ. லென்ஸ்கள்தாம் தங்கம். உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டியின் முகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் ஹெலியோஸில் எடுத்துப் பாருங்கள், பின்னணி மரங்கள் சுழல்வதுபோல விழும்.

தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நம் குடியிருப்பாளர்களுக்கு இன்னொரு பயன் உண்டு. தள்ளி நிற்கும் லென்ஸ் பக்கத்தில் இருப்பதைத்தான் தெளிவாக்கும் என்றேனே, அந்தக் குறையே இங்கே வசதி. 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் கூடுதலாக 25 மி.மீ. குழாய் போட்டால், பொருளின் பாதி அளவுக்குச் சென்சாரில் படம் விழும். ஆட்டுத் தோலுக்கும் மாட்டுத் தோலுக்கும் கிரெய்ன் எப்படி வேறுபடுகிறது, வாங்குபவர் குறை சொன்ன இடத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதையெல்லாம் துளைத் துளையாகக் காட்டிவிடும். மேக்ரோ லென்ஸ் வாங்கும் செலவு மிச்சம்.

கடைசியாகப் பூஞ்சை. லென்ஸின் துளையை முழுவதும் திறந்து வைத்து, பின்னாலிருந்து கைப்பேசி டார்ச்சை அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போலவோ பஞ்சு இழை போலவோ தெரிந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது. ஆரம்ப நிலை என்றால் பழுதுபார்ப்பவர் துடைத்துவிடுவார். நாளானால் பூச்சையும் கண்ணாடியையும் அது அரித்துவிடும், எடுத்தாலும் தடம் போகாது. அப்படிப்பட்ட லென்ஸை மற்ற லென்ஸ்களோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். இதற்குப் பெரும்பாலும் காரணம், சொல்லச் சங்கடமாக இருக்கிறது, அந்த அழகான தோல் உறைதான். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், இருட்டும் சேர்ந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? உறையை அலமாரியில் அலங்காரமாக வையுங்கள். லென்ஸைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஷூ பெட்டிகளில் வரும் சின்னப் பொட்டலங்கள் நம் ஊரில் வீடெங்கும் கிடக்கும், ஆனால் அவை பெட்டியைத் திறந்த சில நாட்களிலேயே ஈரம் குடித்து ஓய்ந்து போயிருக்கும். நிறம் மாறும் மணிகளாகப் பார்த்து வாங்கினால், நிறம் மாறியதும் வாணலியில் லேசாகச் சூடேற்றித் திரும்பவும் போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காமல் இருந்தால் சரி.